காருக்கு உடுப்பு மாட்டுகிற அக்கா

என் அக்கா ஐதாலினா எங்கள் ஊர் மழலையர் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக ஆசிரியை. பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சம்பளம் வாங்குகிற வேலை என்று நினைக்கிறவர்கள் ரஷ்யாவின் வடகோடியில் இருக்கிற எங்கள் யாகூத்தியாவில் ஒரு குளிர்காலத்தையும் கழித்திருக்கமாட்டார்கள். முப்பது பிள்ளைகளுக்கு உள்ளே ஒன்று, நடுவே ஒன்று, மேலே ஒன்று என்று உடுப்பு மாட்டி, காலுறை, கையுறை, கழுத்துத் துண்டு எல்லாம் சுற்றிக் கடைசிப் பிள்ளைக்குப் பொத்தான் போடும்போது, முதல் பிள்ளை "டீச்சர், ஒண்ணுக்கு" என்பான். மறுபடி முதலிலிருந்து. இந்த வேலையை இவ்வளவு காலம் செய்தவளுக்குப் பொறுமை வந்திருக்கவேண்டும். அக்காவுக்கு வந்தது அதிகாரம்.

நாற்பத்தேழு வயதில் அவள் கார் வாங்கினாள். புருஷன் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஜப்பானில் ஓடி முடித்து எங்கள் பக்கம் வந்து சேருகிற பழைய வெள்ளைக் கார்களில் ஒன்று. எங்கள் ஊரில் பாதிப் பேரிடம் இருப்பது அதே கார்தான், அதே வெள்ளைதான். பனிக்குள் வெள்ளைக் காரை வாங்கி நிறுத்திவிட்டு எங்கே நிறுத்தினோம் என்று தேடுவது எங்கள் ஜனங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

அவள் கார் ஓட்டுவது ஒரே ஒருவருக்குத்தான் பொறுக்கவில்லை. அக்கா புருஷனுடைய அண்ணன் இஸ்தெபான். முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவர். சாலை என்பதையே தான்தான் கண்டுபிடித்தது போலப் பேசுவார்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை அக்கா காருக்கு உடுப்பு மாட்ட ஆரம்பித்தாள். அந்த வார்த்தையைத்தான் சொல்வாள். பழைய எண்ணெயை வடித்துவிட்டுக் குளிரில் உறையாத மெல்லிய எண்ணெயை ஊற்றினாள், அது உள்ளாடை. என்ஜின் மேல் கம்பளி விரிப்பு, அது ஸ்வெட்டர். வெளியே போர்த்தப் பெரிய மெத்தைப் போர்வை ஒன்றைத் தானே தைத்திருந்தாள். பள்ளிக்கூடப் பழைய திரைச்சீலைத் துணி மிச்சமிருந்ததால் அதில் முயல்களும் காளான்களும் ஓடிக்கொண்டிருந்தன. கதவு ரப்பர்களில் கிளிசரின் தடவினாள். பாட்டரியைத் தினமும் ராத்திரி வீட்டுக்குள் தூக்கி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது என்று முடிவானது. தூக்கி வருகிற வேலை அதே வீட்டில் இருக்கிற தங்கை என்னுடையது என்றும் முடிவானது.

கண்ணாடி ஒட்டுகிற நாளில்தான் எனக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் கார் ஜன்னல்களுக்கு மேல் இன்னொரு கண்ணாடியை ஓரமெல்லாம் பஞ்சு டேப் வைத்து ஒட்டிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே விரல் பருமன் காற்று இருந்தால் உள்ளே பனி படியாது. ஆனால் வசந்தகாலம் வரை ஜன்னலை இறக்க முடியாது. நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா முடி உலர்த்துகிற இயந்திரத்தால் சூடு காட்டிக்கொண்டிருந்தாள்.

"குன்னேய், மூச்சு விடாதே."

"விடாம எப்படிக்கா உயிரோட இருக்கிறது?"

"அந்தப் பக்கம் திரும்பி விடு. உன் மூச்சு நடுவுல மாட்டிக்கிச்சுன்னா ஆறு மாசம் அங்கேயே வெள்ளையா நிக்கும். தினம் காலையில உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே ஓட்டணுமா நான்?"

அந்த நேரம் பார்த்து இஸ்தெபான் வேலியோரம் வந்து நின்றார். போர்வையில் இருந்த முயல்களைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, இது காரா தொட்டிலா? தாலாட்டுப் பாடினாத்தான் ஸ்டார்ட் ஆகுமோ?"

"உங்க ஜீப்பு போன வருஷம் ஸ்டார்ட் ஆகாம நீங்க பாடின பாட்டு தெருவுக்கே கேட்டுச்சு அத்தான். அதைவிடத் தாலாட்டு நல்லது" என்றாள் அக்கா, டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிரிப்பு நின்றது. மனிதர் விஷயத்துக்கு வந்தார். அக்காவின் மகள் சந்தாராவுக்கு டிசம்பர் கடைசி வாரம் நகரத்தில் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஒரு நிமிஷம் பிந்தினால் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுவிடுவார்கள். கல்யாண உடுப்பை அக்காவே ஒரு வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை நெடு அங்கி, தோளில் பொங்கி நிற்கிற கை, விளிம்பெல்லாம் மணி. அதோடு எங்கள் குடும்பத்து வெள்ளி மார்பணி, இரண்டு கையாலும் தூக்கவேண்டிய கனம்.

"அந்த உடுப்பையும் வெள்ளியையும் என் ஜீப்புல குடுத்துடு. நீ பேசாம பஸ்ஸுல வா" என்றார் இஸ்தெபான்.

"என் பொண்ணு உடுப்பு என் கார்லதான் போகும்."

"உறைஞ்ச ஆத்து மேல போகணும். நடு ஆத்துல நின்னுபோச்சுன்னா?"

"உடுப்பு பன்னெண்டு மணிக்குள்ள போய்ச் சேரலைன்னா கார் சாவியை உங்க கையில குடுத்துடறேன். அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். மழலையர் பள்ளியில் வாக்குத் தவறினால் முப்பது பேரும் சேர்ந்து அழுவார்கள் என்று பழகியவள். இஸ்தெபான் இந்தப் பந்தயத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கடையில் ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரி "சாவிக்கு நல்ல கயிறா ஒண்ணு வேணுமா?" என்று கேட்கிற அளவுக்கு ஆயிற்று.

கல்யாணத்தன்று காலை மைனஸ் ஐம்பத்திரண்டு. அக்கா முந்தின நாள் ராத்திரிதான் கடைசி மணியைத் தைத்து முடித்திருந்தாள். நான் பாட்டரியைத் தூக்கி வந்து மாட்டினேன். அவள் போர்வையை விலக்கிச் சாவியைத் திருப்பினாள். கார் ஒரே ஒரு தும்மல் போட்டுவிட்டு எழுந்துகொண்டது. அவள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். உடுப்பையும் வெள்ளியையும் வெள்ளை விரிப்பில் சுற்றிப் பின் சீட்டில் கிடத்தினோம்.

இனி நடந்ததற்கெல்லாம் காரணம் நான்தான். மறைத்து என்ன பயன்?

நகரம் ஆற்றுக்கு அக்கரையில். உறைந்த ஆற்றின் மேல்தான் குளிர்காலச் சாலை. ஆற்றில் இறங்குமுன் அதற்கு ஒரு வாய் உணவு கொடுப்பது எங்கள் வழக்கம். அக்கா அதற்காக வெண்ணெய் போட்டுச் சின்ன அப்பங்கள் ஆறு சுட்டு என் மடியில் வைத்திருந்தாள். ஒரு மணி நேரப் பயணம், சூடான கார், மடியில் வெண்ணெய் வாசனை. கரைக்கு வந்து பார்த்தால் வெறும் காகிதம்தான் இருந்தது.

"ஆறையுமா தின்னே?"

"ஒண்ணு கீழ விழுந்துடுச்சுக்கா."

"அதையும் எடுத்துத் தின்னியா இல்லையா?"

தின்றிருந்தேன். ஆற்றுக்கு ஒன்றும் கொடுக்காமல் அக்கா இறங்கமாட்டாள், அதுவும் அன்றைக்கு. கரையோரம் இருந்த கடைவாசலில் காரை நிறுத்தினாள். அணைக்கவில்லை. அந்தக் குளிரில் கடைக்குப் போகிறவர்கள் யாரும் அணைக்கமாட்டார்கள். சாவியை அதிலேயே விட்டு, என்ஜின் ஓட ஓட இறங்கிப் போவார்கள். வெளியே பனிமூட்டம் பால் மாதிரி இறங்கியிருந்தது. என் கையுறையே எனக்குத் தெரியவில்லை.

கடையில் கூட்டம். ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கிக்கொண்டு ஓடிவந்தோம். மூட்டத்துக்குள் வெள்ளையாக ஒரு கார் உறுமிக்கொண்டு நின்றது. ஏறினோம். அக்கா கியரைப் போட்டாள். கார் ஆற்றில் இறங்கியது. பனி உடைந்தால் சட்டென்று குதித்துத் தப்பவேண்டும் என்று உறைந்த ஆற்றில் பெல்ட் போடக்கூடாது, அதனால் பெல்ட்டை விட்டுவிட்டோம்.

செய்த பாவத்தைச் சீக்கிரம் கழுவிவிடவேண்டும் என்று எனக்கு அவசரம். பொத்தானை அழுத்தி ஜன்னலை இறக்கி, "எங்களை நல்லபடியா அக்கரை சேர்த்துடு" என்று சொல்லி நாலு பிஸ்கட்டை வீசிவிட்டு ஜன்னலை ஏற்றினேன். மனசு லேசாகிவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா கேட்டாள். "குன்னேய், இப்ப நீ என்ன பண்ணின?"

"ஆத்துக்குக் குடுத்தேன்."

"எது வழியா குடுத்த?"

"ஜன்னல் வழியாத்தான். வேற எது வழி…"

எங்கள் கார் ஜன்னல் இறங்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்தானே ஒட்டினேன்!

ஜன்னலைப் பார்த்தேன். உள்பக்கம் பனி பூப்பூவாகப் படர்ந்திருந்தது. மெதுவாகத் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன். உடுப்பு இருந்த இடத்தில் ஒரு சாக்கு. அதற்குள்ளிருந்து ஏழெட்டு மீன்கள் விறைத்து நின்று வாயைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அக்கா… மீன்…"

"தெரியுது. வாடை வந்தப்பவே நினைச்சேன். உன் கோட்டுன்னு விட்டுட்டேன்."

உறைந்த ஆற்றுச் சாலையில் நிற்கவும் கூடாது, திரும்பவும் இடமில்லை. அக்காவின் போன் எங்கள் காரிலேயே இருந்தது. என் போன் குளிரில் விறைத்துக் கடைவாசலிலேயே செத்திருந்தது. அக்கரை சேரும் வரை அக்கா அந்தக் காரையே ஓட்டினாள்.

கரை ஏறிக் காரை ஓரங்கட்டும்போது முன்பக்கப் பெட்டிக்குள் ஒரு போன் அலறியது. அக்கா எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"யாருங்க?"

"நான்தாங்க" என்றது ஓர் ஆண் குரல்.

"நான்னா யாரு?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தக் காரோட சொந்தக்காரன். என் பேரு நியுர்குன். உங்க போனுக்குப் பூட்டு இல்ல, அதான் என் நம்பருக்கே அடிச்சேன்."

"எங்க கார் உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமாங்க, கோவிச்சுக்காதீங்க. கடையை விட்டு வெளிய வந்தேன், வெள்ளையா நின்னுச்சு, ஏறிட்டேன். அரை மணி நேரமா ஓட்டிட்டிருக்கேன். உள்ள ஒரே வேக்காடு. தொப்பியைக் கழட்டினேன். அக்டோபருக்கு அப்புறம் என் கார்ல நான் தொப்பியைக் கழட்டினதே கிடையாதுங்க. அப்பதான் சந்தேகம் வந்துச்சு."

"பின் சீட்டுல வெள்ளையா ஒரு மூட்டை இருக்கா?"

"இருக்குங்க. கண்ணாடியில பாத்து என் மீனுக்குப் பனி புடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

"மீனா! என் பொண்ணு கல்யாண உடுப்புய்யா அது!"

"எத்தனை மணிக்குங்க கல்யாணம்?"

"பன்னெண்டுக்கு. நாங்க அக்கரைக்கு வந்துட்டோம்."

"அங்கேயே நில்லுங்க. வந்துட்டே இருக்கேன். ஒண்ணே ஒண்ணு, வண்டியை மட்டும் அணைச்சிடாதீங்க. அணைச்சா மே மாசம்தான் எந்திரிக்கும்."

மணி பத்தேகால். அவர் தன் ஊர்ப்பக்கம் முப்பத்தைந்து கிலோமீட்டர் போயிருந்தார். திரும்பி வந்து ஆற்றையும் கடக்கவேண்டும். நாங்கள் எதிரே போகலாம் என்றால் இந்தக் காரின் வெப்பமுள் கீழே இறங்கிக்கொண்டேயிருந்தது. ஹீட்டரில் வருவது காற்றா பனியா என்று தெரியவில்லை. என்ஜின் இருமியது. நடு ஆற்றில் இது நின்றால் எல்லாம் போச்சு.

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் வெறித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "சாவியைக் குடுத்துட வேண்டியதுதான் குன்னேய்" என்றாள். அவள் அப்படிச் சின்னக் குரலில் பேசி நான் கேட்டது, அவள் புருஷன் போன அன்றைக்குத்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாம் என்னாலதான்க்கா. அந்த ஆறு அப்பம்…"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் இமையில் கண்ணீர் அப்படியே உறைந்து ஒட்டிக்கொண்டதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அழுதா கண்ணு ஒட்டிக்கும்னு மூணு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்டி" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினாள். முன்மூடியைத் தூக்கிப் பார்த்தாள். போயிருந்த அதிகாரம் அங்கே திரும்பி வந்துவிட்டது.

"ஐயோ, இந்தப் பிள்ளையை யாரு பெத்தது? உடம்புல ஒரு துணி இல்ல!"

ரேடியேட்டர் முன்னால் ஓர் அட்டைகூட இல்லை. காற்று நேராக என்ஜினுக்குள் புகுந்துகொண்டிருந்தது. டிக்கியிலிருந்து ஒரு மீன் பெட்டியை எடுத்து அட்டையைக் கிழித்து முன்னால் செருகினாள். ஓட்டுகிறவர் சீட்டில் கிடந்த குதிரைத்தோல் விரிப்பை மடித்து, சுழல்கிற எதிலும் படாமல் என்ஜின் மேல் போர்த்தினாள். காற்று வந்த கதவு இடுக்குகளில் என்னைச் செய்தித்தாள் திணிக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் செய்யும்போது அந்த மனிதரைத் திட்டிக்கொண்டேயிருந்தாள். திட்டத் திட்ட வெப்பமுள் ஏறியது என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். பதினோரு மணிக்கு இருமல் நின்றது. ஜன்னலில் இருந்த பனிப்பூ உருகி வழிந்தது.

பதினொன்றே காலுக்கு மூட்டத்திலிருந்து எங்கள் கார் வெளியே வந்தது. உடன்பிறந்தவனைப் பார்த்தது போல இருந்தது எனக்கு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சிவந்த முகத்தோடு இறங்கினார். பின்கதவைத் திறந்து காட்டினார். வெள்ளை மூட்டை சீட்டில் நேராக உட்கார்ந்திருந்தது. அதற்குக் குறுக்கே பெல்ட்.

"கல்யாண உடுப்புன்னதும் பெல்ட் போட்டுட்டேங்க. ஆத்துல இறங்கும்போது கழட்டினேன். கரை ஏறினதும் மறுபடி மாட்டிட்டேன்" என்றார்.

அக்கா திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அதுவே பெரிய அதிசயம்.

அவர் தன் காருக்குள் எட்டிப் பார்த்து, முள்ளைப் பார்த்து, ஹீட்டரிலிருந்து வந்த சூடான காற்றில் கையை நீட்டிப் பார்த்தார். "இது என் வண்டிதானா?"

"அந்த அட்டையை எடுத்தீங்க, அப்புறம் நடக்கிறதே வேற. பின்னாடியே வாங்க. தனியா விட்டா வழியில எங்கயாவது நிப்பீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா பறந்தாள்.

பதினொன்றே முக்காலுக்குப் பதிவு அலுவலகம். சந்தாரா உள்பாவாடை மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் அறையில் அழத் தயாராக நின்றாள். பக்கத்தில் இஸ்தெபான், கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு. "கையைத் தூக்கு. தலையை விடு. மூச்சை இழு" என்றாள் அக்கா. முப்பது பேருக்கு மாட்டுகிறவளுக்கு ஒரே ஒரு பெண் எம்மாத்திரம்? ஆறு நிமிஷம். வெள்ளி மார்பணி கலகலவென்று ஒலிக்கச் சந்தாரா உள்ளே நடந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டாக இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. அக்கா பையிலிருந்து சாவியை எடுத்து, இஸ்தெபானின் மூக்குக்கு நேரே ஒருதரம் ஆட்டிவிட்டு மறுபடி பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு நான் சந்தோஷத்தில் மணமகளின் மாமியாரை இரண்டு முறை கட்டிப்பிடித்தேன். இரண்டாவது முறை அவர் விலகப் பார்த்தார், விடவில்லை.

நியுர்குன் மீன் சாக்கோடு விருந்துக்கு வந்தார். உறைந்த மீனைச் சுருள் சுருளாகச் சீவி உப்பும் மிளகும் தொட்டுக்கொள்ள வைத்தார். பாதியை இஸ்தெபானே தின்றார். தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரம் பார்த்து அக்காவிடம் குனிந்தார்.

"ஏம்மா, அந்தப் பஞ்சு டேப்பு எந்தக் கடையில வாங்கின?"

மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது. அக்கா கடையின் பெயரைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நியுர்குன் அடிக்கடி போன் செய்தார். மனைவியை இழந்து பல வருஷம் ஆனவர், ஆற்றோரத்தில் தனியாக இருக்கிறவர் என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது. ஆரம்பத்தில் கார் சந்தேகம். சக்கரத்தில் ஒரு சத்தம், கதவில் ஒரு சத்தம். மே மாதம் பனி உருகிய பிறகும் அந்தச் சத்தங்கள் நிற்கவில்லை. ஜூலையில் ஒருநாள் ஒரு மணி நேரம் பேசினார்கள். ஜூலையில் காருக்கு என்ன சந்தேகம் என்று நான் கேட்டேன். "உனக்கென்ன, போய்ப் பாத்திரத்தைக் கழுவு" என்றாள்.

மறுபடி அக்டோபர், முதல் சனிக்கிழமை. வேலிக்கு வெளியே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. நியுர்குன் இறங்கினார். ஒரு கையில் டேப் சுருள், இன்னொரு கையில் மீன்.

"என் வண்டிக்கும் உடுப்பு மாட்டிவிடணும்" என்றார்.

இரண்டு நாள் வேலை. நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றேன். அவரும் மூச்சு விடாமல் நின்றார், அக்காவைப் பார்த்துக்கொண்டு. அவர் காருக்கும் அதே திரைச்சீலைத் துணியில் போர்வை. அதே முயல்கள், அதே காளான்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு கார்களும் எங்கள் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எது எது என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "தப்புப் பண்ணிட்டேனே. போன வருஷமாவது உங்க வண்டி குளிர்ல நடுங்கிச்சு, கண்டுபிடிச்சோம். இப்ப ரெண்டும் ஒரே சூடா இருந்தா எது யாரோடதுன்னு எப்படிங்க தெரியும்?"

நியுர்குன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சு என்னங்க ஆகணும்? ரெண்டும் இந்த வாசல்லயே நிக்கட்டுமே."

இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு உடுப்பு மாட்டுகிற என் அக்கா, அவர் கையிலிருந்த தொப்பியை வாங்கி அவர் தலையில் வைத்துக் காதுகளை மூடி இழுத்துவிட்டாள்.

"முதல்ல உள்ள வாங்க. குளிருது" என்றாள்.